நூறு வருஷ வீட்டை வாங்கும் முன் என்ஜினீயர் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நீங்கள் இருவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள். மண்டியா மாவட்டத்துப் பாண்டவபுரா பக்கத்துக் கிராமம் ஒன்றில் நூறு வருஷத்துக்கு மேலான தொட்டி வீடு விலைக்கு வந்திருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண், மண்சுவர், முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை), மற்றதெல்லாம் ஓட்டுக்கூரை. பின்பக்கம் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய குளியலறை, முன்பக்க மச்சின் மேல் ஒரு கான்கிரீட் அறை. "நூறு வருஷம் நின்ற வீடு, இன்னும் நூறு வருஷம் நிற்கும், என்ஜினீயருக்கு ஏன் தண்டச் செலவு" என்கிறார் தரகர். வங்கிக் கடனுக்கு மதிப்பீட்டாளர் எப்படியும் வருவார். அதற்கு மேல் தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் (கட்டடம் பாரத்தைத் தாங்குமா என்று பார்ப்பவர்) தேவையா, வந்தால் அவர் எதைப் பார்க்க வேண்டும்?

கட்டாயம் தேவை. நான் பெங்களூரில் இதே வேலையில் இருப்பவன், ஆகவே தொழில்காரன் தொழிலுக்குப் பரிந்து பேசுகிறான் என்று நீங்கள் நினைத்தாலும் சரி. தரகர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வீடு நூறு வருஷம் நின்றதுதான். ஆனால் அப்படி நின்ற வீடு வேறு, இன்று விற்பனைக்கு வந்திருக்கும் வீடு வேறு. இடையில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், மேலே அறை எழுப்பியிருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள், சுவருக்குள் பைப் ஓட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் நான் பார்க்கும் பெரும்பாலான கோளாறுகள் முதலில் கட்டியவர் செய்தவை இல்லை, கடைசி முப்பது நாற்பது வருஷத்தில் வந்தவை. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் என் முதல் கேள்வி, "இதில் எது புதுசு?" என்பதாக இருக்கும்.

சிமெண்டிலிருந்து தொடங்குகிறேன். போர்பந்தரில் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதே 1914-ல். கிராமத்துக் கொத்தனார் கைக்கு அது சாதாரணமாக வந்து சேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. உங்கள் வீட்டின் மூலக் கட்டுமானம் மண்ணும் சுண்ணாம்பும்தான். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதே ஈரத்தைக் காற்றில் விட்டும்விடும். மேலே இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு அதைத் தடுக்காது. சுவரின் அடியில் ஓதம் ஏறி, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினால், வெளியே போக வழியில்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறும். சிமெண்ட் பட்டை முடியும் இடத்துக்கு மேல் உப்புப் பூத்து, பூச்சு பொடிப்பொடியாக உதிரும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டடி சிமெண்ட் பூசுவார்கள். உள்ளே இருக்கும் மண் நனைந்து நனைந்து வலுவை இழந்துகொண்டே வரும். காய்ந்த மண்சுவர் தாங்கும் பாரத்தில் ஒரு சிறு பங்கைத்தான் ஊறிய மண்சுவர் தாங்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது, அதிலும் விற்பதற்கு முன் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தால். வீடு முழுவதும் மங்கலாக இருந்து, அடியில் மட்டும் பளிச்சென்று ஒரு பட்டை பெயிண்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். என்ஜினீயர் விரல் முட்டியாலோ சிறு சுத்தியாலோ தட்டிப் பார்ப்பார். உள்ளே காலி என்றால் சத்தமே காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல், இரண்டு மூன்று இடங்களில் ஓரடிக்கு ஓரடி பூச்சை எடுத்துப் பார்க்க வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். பின்பு நாமே பூசித் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால் அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது கூரை. மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் அதில் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். சுவருக்குச் சுவர் மர உத்திரங்கள், அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குவாட்டில் நிமிர்த்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய ஒரு வரிசை, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய அடுக்கு, கடைசியாகத் தட்டையான ஓடு. நல்ல வேலை என்றால் தண்ணீர் எளிதில் இறங்காது. எங்காவது ஒழுக ஆரம்பித்தால் அதைச் சரிசெய்யும் கைப்பக்குவம் இன்று ஊரில் பலருக்கு இல்லை. ஆகவே மேலே ஒரு சிமெண்ட் அடுக்கு, சில வருஷம் கழித்து இன்னொன்று, அப்புறம் டைல்ஸ். ஒவ்வொன்றும் உத்திரத்தின் தலையில் ஏறும் பாரம். மொட்டைமாடி ஓரத்தில் நின்று எத்தனை அடுக்கு தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள், கைப்பிடிச் சுவர் எவ்வளவு குட்டையாகிவிட்டது என்பதும் தெரியும்.

உத்திரம் கொஞ்சம் தொய்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். மரம் நீண்டகாலம் பாரம் சுமந்தால் தொய்யும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, பக்கத்து உத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அது வயது. ஒன்று மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. நடுப்பகுதியைவிட ஆபத்தான இடம் இரு முனைகளும்தான். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த அரையடி வெளியே தெரியாது, காற்றும் படாது. ஓதமும் கரையானும் முதலில் பிடிப்பது அதைத்தான். தேக்கு வைரமாக இருந்தால் நடுத்துண்டு கண்ணாடி போல மின்னும், முனை மட்டும் பஞ்சாகியிருக்கும். ஒரு நல்ல குத்தூசி போதும்: உத்திரம் சுவரைச் சந்திக்கும் இடத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரமானி வைத்து அளந்தால் மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடத்தில் பூஞ்சைக்கு வசதி ஏற்பட்டுவிட்டது என்று பொருள். ஏணி இல்லாமல் வரும் என்ஜினீயரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

ஓட்டுக்கூரைப் பகுதியில் அவ்வளவு கவலை வேண்டாம். மங்களூர் ஓடு என்றால் கழற்றி மாட்டலாம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து வந்த அதே வகை ஓடு இன்றும் பழையதாகவே வாங்கக் கிடைக்கிறது. கைமரமும் (கூரையின் சாய்வு மரம்) ரீப்பரும் (ஓடு உட்காரும் சட்டம்) போயிருந்தால் மாற்றலாம், செலவு கணக்குக்குள் அடங்கும். செய்யக்கூடாத ஒன்று, "ஓடு தொல்லை" என்று அதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவது. பாரக் கணக்குக்கான ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலைப்படி மங்களூர் ஓட்டுக்கூரையின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. நாலங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ. அதே மண்சுவரின் மேல் ஏறத்தாழ நான்கு மடங்கு பாரம்.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட பாரத்தை ஏற்கெனவே ஒரு இடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். மச்சின் மேல் இருக்கும் அந்தக் கான்கிரீட் அறைதான் எனக்கு உறுத்துகிறது. அதன் சுவர் கீழே எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? கீழ்ச்சுவருக்கு நேர் மேலாகவா, அல்லது உத்திரத்தின் நடுவிலா? வெறும் புகைப்படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. என்ஜினீயர் கீழ்த்தளம், மேல்தளம் இரண்டையும் அளந்து வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தால் ஒரு டன் தண்ணீர் அங்கே நிற்கிறது. அறையின் கூரையில் காறை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிராமத்தில் கலவை கையால் போட்ட காலத்துக் கான்கிரீட்டுக்கு, நூறு வருஷச் சுண்ணாம்புக்கு இருக்கும் ஆயுள் கிடையாது. பல வீடுகளில் கடைசியில் என் பரிந்துரை, மேலே கட்டியதை இறக்கிவிட்டு மூல வீட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இறக்கும் செலவையும் விலை பேசும்போது கணக்கில் எடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ரீபவுண்ட் ஹாமர் என்று ஒரு கருவி உண்டு. கான்கிரீட்டின் மேற்பரப்பில் அடித்து வலுவை மதிப்பிட அது உதவும். அந்த மேல் அறையில் பயன்படுத்தினால் சரி. மண்சுவரில் அதை வைத்து அடித்து எண்களை அட்டவணையாகப் போட்டு, முத்திரை குத்திய அறிக்கை தருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த எண்களுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

விரிசலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அகலம் ஒரு அளவுகோல்: பிரிட்டனில் வீடுகளுக்காக உருவாக்கி உலகெங்கும் பலரும் பின்பற்றும் வகைப்பாட்டில், 5 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் பூச்சு வேலையோடு முடியும், 15-ஐத் தாண்டினால் சுவரில் கைவைக்க வேண்டிய நிலை. ஆனால் அகலத்தைவிடத் திசை அதிகம் சொல்லும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதால் வருவது. இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலிருந்து கீழாக, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், கைமரம் சுவரை வெளியே தள்ளுகிறது. கூரைக்குக் கீழே படுக்கையாக ஓடினால் கூரை நகர்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். பாரம் இறங்கும் கோடு சுவர் அகலத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழுகிறவரை சுவரில் இழுவிசை (பிளக்க இழுக்கும் விசை) வராது, மண்ணுக்கு இழுவிசை தாங்கத் தெரியாது. ஒரு விரிசல் பழசா, இன்னும் விரிகிறதா என்று ஒரே நாளில் சொல்ல முடியாது. உள்ளே தூசியும் சிலந்திக்கூடும் பழைய பெயிண்டும் இருந்தால் பழசாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். ஒரு மழைக்காலம் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால் விடை கிடைத்துவிடும்.

வீட்டைச் சுற்றிலும் நடந்து பார்ப்பதற்கு உள்ளே செலவழிக்கும் அளவு நேரம் ஒதுக்குங்கள். முன்னால் இருக்கும் தெருவுக்கு ஒவ்வொரு முறையும் பழையதைத் தோண்டாமல் மேலேயே தார் போட்டு, வாசற்படி இன்று தெருவுக்குக் கீழே போயிருக்கும் வீடுகள் ஏராளம். மழைத் தண்ணீர் திண்ணைக்கு வரும். அப்புறம் பின்னால் என்ன இருக்கிறது? கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை தொடங்கியது 1911-ல். விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனம் மண்டியா பக்கம் வந்தது அதற்குப் பிறகு. அதற்கு முன் கட்டிய வீடு என்றால், அது கட்டப்பட்டபோது சுற்றிலும் புன்செய்யாகவே இருந்திருக்கலாம். இன்று பின்சுவரை ஒட்டி வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும் நெல் வயலோ கரும்போ இருந்தால், அந்த அஸ்திவாரம் எதிர்பாராத ஈரத்தில் நிற்கிறது. பின்பக்கக் குளியலறையின் செப்டிக் டேங்க் சுவரிலிருந்து எத்தனை அடி என்று கேளுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டியிருப்பார்கள், வேர் உள்ளேயே இருக்கும். பெருச்சாளி வளையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் மண்ணை வாரி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் ஜந்து அது. தரையில் காலை அழுத்தித் தட்டினால் எங்கே குடைந்திருக்கிறது என்பது கேட்கும்.

அக்ரஹாரம் போல வரிசையாக ஒட்டிய வீடு என்றால் இன்னொரு விஷயம் சேரும். மேலுகோட்டையிலும் காவிரிக் கரை ஊர்களிலும் இப்படித் தெருக்கள் நிறைய. நடுச்சுவர் பொது. பக்கத்து வீட்டு உத்திரங்களின் முனைகள் உங்கள் சுவரில் இருக்கும், உங்களுடையவை அவர்கள் பக்கம் இருக்கும். நாளைக்கு அவர் வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பினால், இதுவரை மழையே படாத உங்கள் மண்சுவர் திறந்த வெளியில் நனையும், பக்கத்தில் ஆறடிக்குக் குழி தோண்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் திட்டம் என்ன என்பது என்ஜினீயருக்குத் தெரியாது. நீங்களே போய் ஒரு காபி குடித்துப் பேசிவிட்டு வாருங்கள்.

நிலநடுக்கம் பற்றி ஒரே ஒரு பத்தி. தெற்குக் கர்நாடகத்தில் ஆபத்து குறைவு என்பார்கள். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்தபோது அந்தப் பகுதியும் அப்போதைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலத்தில்தான் இருந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்றவை மண்சாந்தில் அடுக்கிய தடிமனான கல்சுவர்களும் அவற்றின் மேலிருந்த கனமான மண்கூரைகளும். அப்படிச் சுவர்களில் உள்பக்கக் கல்லும் வெளிப்பக்கக் கல்லும் தனித்தனியாக நிற்கும், குறுக்கே இரண்டையும் இணைக்கும் நீளக்கல் இருக்காது. குலுங்கினால் இரண்டாகப் பிரிந்து விழும். உங்கள் வீட்டில் எந்தப் பகுதியாவது கல்சுவர் என்றால், குறுக்குக் கல் இருக்கிறதா, சுவர் நடுவில் புடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மண்வீடுகளுக்கு ஐ.எஸ். 13827, இப்படிக் கல்லுக்கும் செங்கல்லுக்கும் ஐ.எஸ். 13828 என்று தனித் தரநிலைகள் உண்டு. இரண்டும் 1993-ல் வந்தவை. வரும் என்ஜினீயருக்கு இந்த எண்கள் அறிமுகமே இல்லை என்றால், அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், இந்த வீட்டுக்கு ஆள் இல்லை.

சரி, ஆளை எங்கே பிடிப்பது? இங்கிலாந்தில் வீடு வாங்குபவருக்கு ஆய்வு செய்து தருவதற்கென்றே உறுப்பினர் தேர்வும் தரநிலையும் உள்ள தொழில்முறை இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று கிடையாது, நாமாகத் தேட வேண்டும். பெங்களூரில் இருப்பது இதில் ஒரு வசதி. இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் அஸ்த்ரா என்ற பெயரில் கிராமத் தொழில்நுட்ப மையம் தொடங்கி மண்கட்டுமானத்தில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள், அந்த வழியில் வந்த என்ஜினீயர்களும் கட்டடக்கலைஞர்களும் நகரில் இருக்கிறார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பெங்களூர்க் கிளையில் கேட்டால் பழைய கட்டடங்களைச் சீரமைப்பவர்களின் பெயர் கிடைக்கும். பேசும்போது, கடைசியாக எந்த மண்வீட்டைச் சரிசெய்தீர்கள், இப்போது அது எப்படி இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சீரமைப்புக் குத்தகையையும் தானே எடுப்பவரை ஆய்வுக்கு வைக்காதீர்கள். கட்டணத்தை நாள்கணக்கிலோ மொத்தமாகவோ பேசுங்கள், சீரமைப்புச் செலவில் சதவீதம் என்று மட்டும் வேண்டாம், செலவு ஏறினால் அவர் கட்டணமும் ஏறும். தரகர் "நமக்குத் தெரிஞ்ச என்ஜினீயர் ஒருத்தர் இருக்கார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். கூடவே சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரையும் அழைத்துப்போக முடிந்தால், கணினியில் வராத பல விஷயம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: அளந்து வரைந்த தள வரைபடம், ஒவ்வொரு குறைக்கும் படமும் இடமும், உடனே செய்ய வேண்டியது, ஒன்றிரண்டு வருஷத்தில் செய்ய வேண்டியது, விட்டுவிடலாம் என்பது. எந்தெந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை என்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும். "கட்டடம் பொதுவாக நல்ல நிலையில் உள்ளது" என்ற ஒரே வரியில் முடித்தால் காசைத் திருப்பிக் கேளுங்கள். முக்கியமாக, நீங்கள் அந்த வீட்டில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். வார இறுதியில் நாலு பேர் தங்குவது வேறு, ஹோம்ஸ்டே நடத்தி மச்சில் முப்பது பேரை உட்காரவைப்பது வேறு. அதே உத்திரம் முதலாவதற்குப் போதும், இரண்டாவதற்குப் போதாமல் போகலாம்.

வங்கி மதிப்பீட்டாளரைப் பற்றி: அவர் வருவது வங்கிக்காக. கொடுக்கும் கடனுக்கு அடமானம் போதுமா என்பதுதான் அவர் கணக்கு, உங்கள் பழைய வீட்டில் பெரும்பாலும் மனையின் விலையைத்தான் பார்ப்பார். உத்திரத்தின் முனையைக் குத்திப் பார்க்க மாட்டார்.

கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கம், இ-சொத்து ஆவணங்கள், வாரிசுகள் எல்லோரின் கையெழுத்து, இவையெல்லாம் வக்கீல் வேலை. ஆனால் ஒரு சட்டம் மட்டும் கட்டட வேலையை நேராகத் தொடுகிறது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, பழுதுபார்ப்பதற்கே அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு எல்லாக் கட்டுமானத்துக்கும் அனுமதி வேண்டும். 2010 திருத்தத்துக்குப் பின் இது கடுமையாக இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் தேவனஹள்ளிக் கோட்டைப் பக்கத்திலும் வீடு பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் கிராமத்தில் அப்படிக் கோயிலோ கோட்டையோ பக்கத்தில் இருந்தால் தூரத்தை அளந்து பாருங்கள்.

காலத்தைப் பற்றி ஒன்று. கோடையில் பார்த்தால் எந்த வீடும் அழகு. முடிந்தால் அக்டோபர், நவம்பரில், நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் போங்கள். அதுவரை காத்திருக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், அக்ரிமெண்டில் ஒரு வரி சேருங்கள்: இன்ன தேதிக்குள் என்ஜினீயர் ஆய்வு செய்ய அனுமதி உண்டு, தேவையான இடத்தில் பூச்சைத் திறந்து பார்க்கலாம், அறிக்கையில் அஸ்திவாரத்திலோ பாரம் தாங்கும் சுவரிலோ உத்திரத்திலோ பெரிய குறை வந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். இந்த வரிக்குச் சம்மதிக்கிறவரிடம் மற்றதையும் பேசலாம். ஆய்வு முடிந்து அறிக்கை கைக்கு வந்ததும், "உடனே செய்ய வேண்டியது" பகுதியைக் கன்னடத்தில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு விலையைத் திரும்பப் பேசுங்கள். தரகரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள், அது போய்ச் சேராது.